கொல்கத்தா உயர்ந்த வருடம்

தரை இறங்குவதை ஆராய்வது என் தொழில். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு குனிந்து தங்கள் காலடியைப் பார்ப்பார்கள். கொல்கத்தா களிமண்ணின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். அடியில் இருக்கும் தண்ணீரைக் குழாய் போட்டு உறிஞ்சினால் மண் வற்றிச் சுருங்கும், மேலே தரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. தெரியவைப்பதற்காகத்தான் எங்கள் நிறுவனத்துக்கு அரசாங்கம் சோறு போடுகிறது. நிறுவனம் இருப்பது சால்ட் லேக்கில். ஏரியும் சதுப்புமாகக் கிடந்த இடத்தில் மண் கொட்டித் தூர்த்து, அதன் மேல் எழுப்பிய நகரம் அது. தரை இறங்குவதை ஆராயும் நிறுவனத்தைத் தேடிக் கொண்டுபோய் அங்கே கட்டிய புண்ணியவான் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் ஒரு சால்வை வாங்கிக்கொண்டு போவேன்.

நாங்கள் குடியிருந்தது டாக்குரியாவில். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்தவர். ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் ஒரு பழைய வீட்டின் மாடி எங்களுக்கு, கீழ்த்தளம் வீட்டுக்காரம்மாவுக்கு. அவர் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் இல்லை, மகன் பெங்களூரில். வீடு மாமனார் கட்டியது. வீட்டுக்காரம்மாவை நாங்கள் பௌதி என்று கூப்பிடுவோம். வங்காளத்தில் அண்ணிக்கு அப்படிச் சொல்வார்கள். அண்ணன் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் பேசுவது வங்காளம்தான், ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில் அது என் காதில் எங்கள் தெற்கத்திப் பேச்சாகவே விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

அந்தச் சந்தில் ப்ரொமோட்டருக்கு வீட்டைக் கொடுக்காமல் மிச்சமிருந்தவர் பௌதி மட்டும்தான். ப்ரொமோட்டர் என்பவர் பழைய வீட்டை வாங்கி இடித்து, அடுக்குமாடி கட்டி, அதில் ஒரு பிளாட்டைச் சொந்தக்காரருக்கே திருப்பிக் கொடுத்து அவரை நன்றி சொல்லவும் வைப்பவர். எங்கள் ப்ரொமோட்டர் மென்மையான மனிதர். பௌதியிடம் குரல் உயர்த்திப் பேசியதே கிடையாது. பலமுறை கேட்டுப் பார்த்தார். பௌதி மாட்டேன் என்றார். ப்ரொமோட்டர் கும்பிட்டுவிட்டுப் போய்ப் பக்கத்து மனையை வாங்கி, கார் நிறுத்தும் இடத்துக்காக எங்கள் சுவரை ஒட்டியே ஒரு பெரிய குழி தோண்டினார். கொல்கத்தாவில் குழி தோண்டினால் தண்ணீர் வரும். தண்ணீரை வெளியேற்ற மோட்டார் போட்டார். அது ராப்பகலாக ஓடியது, தண்ணீர் சந்து வழியாகச் சாக்கடைக்குப் போனது. எங்கள் வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில் இருந்த ஈரமும் அதோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தது.

பௌதியின் சமையலறைச் சுவரில் ஒரு விரிசல் வந்தது. அவர் அதன் மேல் மிட்டாய்க் கடை காலண்டர் ஒன்றைத் தொங்கவிட்டார். விரிசல் காலண்டரைத் தாண்டியது. நகைக்கடை காலண்டருக்கு மாறினார், அது கொஞ்சம் பெரியது. ஆயுள் காப்பீட்டுக்காரர்கள் கொடுக்கும் நீளமான காலண்டர் வந்த அன்று என்னைக் கீழே கூப்பிட்டார்.

"இதைவிடப் பெரிய காலண்டர் ஊர்ல இல்லை. நீ அளக்கிறவதானே? அளந்து எழுதிக் குடு. மோட்டாரை நிறுத்தச் சொல்லி வார்டு ஆபீஸ்ல குடுத்திருக்கேன். அவங்க அத்தாட்சி கேக்கறாங்க. என் வார்த்தை போதாதாம், விஞ்ஞானி வார்த்தை வேணுமாம்."

"எழுதித் தர்றேன் பௌதி. ஆனா அளக்காம எழுத முடியாது."

"அளக்காம எழுதச் சொன்னேனா? நானும் கணக்குதான் சொல்லிக் குடுக்கறேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். வீடு உட்காருவதற்குள் மோட்டார் நிற்கவேண்டும். மோட்டார் நிற்க ஒரு எண் வேண்டும். எண் கொடுப்பது என் வேலை.

உயரத்தை அளக்க ஓர் அசையாத புள்ளி வேண்டும். அந்தப் புள்ளியைவிட இந்த வீட்டு வாசல் எவ்வளவு மேலே, முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்று கழித்துப் பார்த்தால் விடை வந்துவிடும். பெஞ்ச்மார்க் என்பார்கள். ஊருக்குள் அப்படி ஒன்று, நகர் நடுவே விரியும் மைதானத்துப் பக்கம், ஒரு பழைய கல் கட்டிடத்தின் படியில் இருந்தது. இறங்கவேண்டியதை எல்லாம் எங்கள் தாத்தா காலத்திலேயே இறங்கி முடித்துவிட்டு, இனி அசைவதில்லை என்று உட்கார்ந்துவிட்ட கட்டிடம். ஆனால் அங்கே போய்த் தொடங்கவேண்டும் என்றால் சால்ட் லேக்கிலிருந்து கார் கிளம்ப வேண்டும், காருக்கு அனுமதி வேண்டும், அனுமதிக்குக் கையெழுத்து வேண்டும், கையெழுத்துப் போடுகிறவர் அன்று வந்திருக்க வேண்டும். ஆகவே முன்பு ஓர் இயக்குநர் நிறுவனத்தின் முகப்புத் தூணிலேயே ஒரு பித்தளைக் குமிழைப் பதித்து, அந்தக் கல் கட்டிடத்தோடு ஒரே ஒரு முறை ஒப்பிட்டு அளந்துவிட்டு, இனி இதுதான் ஆதாரப் புள்ளி என்று அறிவித்துவிட்டார்.

திறந்துவைக்க ஒரு பெரிய மனிதர் வந்தார். அவரைக் கூப்பிட்டு வைத்து, தூணில் ஒரு குமிழைக் காட்டி, இதுதான் சார் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? தூணைச் சுற்றி மேடை எழுப்பினார்கள். மேடைக்குப் பளிங்கு ஒட்டினார்கள். மழை படாமலிருக்க மேலே கான்கிரீட்டில் ஒரு குட்டி மண்டபம். கல்வெட்டு வேறு. தூர்த்த ஏரியின் மேல், அசையவே கூடாத ஒரு புள்ளியின் தலையில், மரியாதையை டன் கணக்கில் ஏற்றிவைத்தார்கள். செயற்கைக்கோளோடு பேசும் நவீனக் கருவி ஒன்றும் வாங்கினோம். அது தன் அளவை ஒப்பிட்டுக்கொள்ளும் தாய்க் கருவியையும் இதே கட்டிடத்து மொட்டைமாடியில்தான் பொருத்தினோம், பக்கத்திலேயே இருந்தால் பார்த்துக்கொள்ள வசதி என்று.

பௌதி கேட்டுச் சில நாட்களில் விஸ்வகர்மா பூஜை வந்தது. நம் ஆயுத பூஜைக்குத் தாயாதி. அன்று கொல்கத்தாவில் யாரும் ஆயுதத்தைத் தொடமாட்டார்கள், வானம் முழுக்கப் பட்டம் பறக்கும். எங்கள் கருவி அறையில் லெவல் பார்க்கும் தொலைநோக்கிக்கும், நீள அளவுகோல்களுக்கும் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். முகப்புக் குமிழுக்குத் தனி அர்ச்சனை. அந்த நேரம் பார்த்துப் பௌதியிடமிருந்து போன். சமையலறைக் கூரையிலிருந்து ஒரு கட்டிக் காரை பெயர்ந்து மீன் குழம்பில் விழுந்துவிட்டது. கதவும் மூட மாட்டேன் என்கிறது. கருவி அறைப் பொறுப்பாளரிடம் போய் லெவலைக் கேட்டேன். கோயில் மூலவரை மாலைவரை இரவல் கேட்டதுபோல் என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கா?" என்றார்.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். பக்கத்து மனையில் ப்ரொமோட்டரின் மோட்டாருக்கும் காலையிலேயே மாலை போட்டிருந்தார்கள். மாலையோடு அது ஓடிக்கொண்டிருந்தது. அன்று அந்த ஊரில் வேலைக்கு வந்திருந்த இயந்திரம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு துர்கா பூஜை நெருங்கிவிட்டது. "பூஜை முடியட்டும்" என்பது இந்த ஊரில் எல்லாக் கேள்விக்கும் பதில். துர்கா போனால் லட்சுமி, லட்சுமி போனால் காளி, காளி போனால் அண்ணன் தம்பிகளுக்குப் பொட்டு வைக்கும் நாள். பண்டிகை எதையும் கொண்டாடாத நாத்திகன் அந்த மோட்டார் மட்டும்தான். குளிர் எட்டிப் பார்த்தபோது எங்கள் குழு அளக்கக் கிளம்பியது.

லெவல் எடுப்பது மெதுவான வேலை. முக்காலியில் கருவியை நிறுத்தி, பின்னால் ஒருவர் அளவுகோல் பிடிக்க, முன்னால் ஒருவர் அளவுகோல் பிடிக்க, இரண்டையும் பார்த்து எழுதிக்கொண்டு, அப்படியே தாண்டித் தாண்டி ஊரைக் கடக்க வேண்டும். சால்ட் லேக்கிலிருந்து புறவழிச் சாலை பிடித்து, கஸ்பா வழியாக டாக்குரியாவரை. வழியெல்லாம் விசாரணை. மெட்ரோ வருகிறதா? மேம்பாலமா? எந்த வரிசை வீடுகள் போகும்? ஒருவர் தன் வீட்டுப் பத்திரத்தையே எடுத்துக்கொண்டு ஓடிவந்து, எதுவாக இருந்தாலும் எதிர் வரிசையில் கட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தரை இறங்குகிறதா என்று பார்க்கிறோம் என்றோம். நாங்கள் ஏதோ மறைக்கிறோம் என்பது அவருக்கு உறுதியாகிவிட்டது.

வீட்டுக்கு ஒரு புள்ளி என்பது எங்கள் அளவைத் திட்டத்தின் விதி. பௌதியின் வாசல் தூணில் முன்பே ஒரு குறி இருந்தது, குழி தோண்டுவதற்கு முன் அளந்தது. அதை மறுபடி அளந்து, சால்ட் லேக் குமிழோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டோம்.

பௌதியின் வீடு உயர்ந்திருந்தது.

பௌதியின் வீடு மட்டும் இல்லை. வழியில் அளந்த எல்லாப் புள்ளிகளும் உயர்ந்திருந்தன. மேம்பாலத் தூண், போஸ்ட் ஆபீஸ் படி, டாலிகஞ்ச்வரை போன கிளை வரிசையில் ஒரு சினிமா ஸ்டுடியோவின் மதில், ஒன்று பாக்கியில்லை. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுக்கு, கட்டளை கேட்டு எழுந்து நின்றதுபோல். கொஞ்சம் சந்தேகப்படலாம் அல்லவா? எங்கள் இயக்குநர் சந்தேகப்படவில்லை, பூரித்துப்போனார். உலகத்துக் கடலோர நகரமெல்லாம் மூழ்கும்போது நம் ஊர் மட்டும் எழுகிறது என்று கூட்டம் போட்டுச் சொன்னார். இந்த ஊர்ச் சமோசாவான சிங்காராவும் தேநீரும் வந்தன. பத்திரிகைக்குச் செய்தி போனது. நான் அடுத்த வாரம் முழுக்க அந்தக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். கூட்டலில் தப்பில்லை, கழித்தலில் தப்பில்லை.

"என்ன, இன்னிக்கு ஊரு எவ்வளவு ஒசந்திருக்கு?" என்று என் கணவர் தினமும் கேட்க ஆரம்பித்தார். "சொல்லுடி, கப்பலைக் கட்டுற கயித்தை நீளமா விடச் சொல்லணும்."

சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் ப்ரொமோட்டர் எங்கள் அறிக்கையின் ஒரு பிரதியை எப்படியோ வாங்கி, டாக்குரியா வரிசை இருந்த பக்கத்தை லேமினேட் செய்து, வார்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். மோட்டார் ஓடியும் வீடு இறங்கவில்லை, உயர்ந்திருக்கிறது. விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள். மோட்டாருக்கு எதிராகப் பௌதி கொடுத்திருந்த மனுவைத் தள்ளுபடி செய்தார்கள்.

பௌதி மாடி ஏறி வந்தார். உட்காரவில்லை.

"என் வீடு ஒசந்திருக்காமே?"

"பௌதி, அதுல ஏதோ கோளாறு இருக்கு."

"கோளாறு என் வீட்டிலயா, உன் கணக்கிலயா?"

"எங்க கணக்குலதான். எங்கேன்னுதான் புரியல."

"சீக்கிரம் புரிஞ்சுக்கோ. காரை இப்ப கட்டில் மேல விழுது."

எனக்குக் கோபம் வந்தது. பௌதியின் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியாத கோபம், அதனால் அது எல்லார் மேலும் பரவியது. மறுநாள் காலை அந்தக் கோபத்தோடுதான் நிறுவனத்துக்குள் நுழைந்தேன். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு தச்சர் ஒருவர் அடிப்பக்கத்தை இழைத்துக்கொண்டிருந்தார். கதவு தரையில் உரசுகிறதாம். போன வருடமும் உரசியது, இழைத்தார்கள். அதற்கு முந்தின வருடமும். மழைக்காலத்தில் முகப்புத் தண்ணீர் முன்பெல்லாம் சாலைக்கு ஓடும், இப்போது வரவேற்பறைக்கு வருகிறது. அதற்கு ஒரு துடைப்பம் வாங்கி வைத்திருந்தோம். முகப்புப் படிக்கும் மேடைக்கும் நடுவே கைவிரல் போகும் இடைவெளி, அதில் யாரோ சிமெண்ட் அடைத்திருந்தார்கள். தரை இறங்குவதை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஒரு கட்டிடம் நிறைய இருந்துகொண்டு, கதவு உரசினால் தச்சரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஊர் உயரவில்லை. குமிழ் இறங்கிக்கொண்டிருந்தது. அது பளிங்கும் மண்டபமும் மாலையுமாக ஏரிக்குள் போய்க்கொண்டிருந்ததால், அங்கிருந்து பார்த்தபோது ஊரெல்லாம் எழுவதாகத் தெரிந்தது.

கூட்டத்தில் சொன்னேன். இயக்குநர் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"மேடம், ஆதாரப் புள்ளின்னா என்ன? அசையாத புள்ளி. அசையாத புள்ளி எப்படி மேடம் இறங்கும்?"

"நாம அசையாதுன்னு சொல்லிட்டோம் சார். அதுக்கிட்ட யாரும் கேக்கல."

"அறிக்கை போயிடுச்சு, பேப்பர்ல வந்தாச்சு. இப்ப போய் நம்ம கட்டிடம்தான் முழுகுதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

நல்லா இருக்காதுதான். மைதானத்துக் கல் கட்டிடத்திலிருந்து மறுபடி அளக்க அனுமதி கேட்டால் கிடைக்காது என்று தெரிந்ததால் கேட்கவில்லை. இரண்டு சக ஆய்வாளர்கள் கூட வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், கைக்காசில் வாடகைக்குக் கருவி எடுத்து, மைதானத்திலிருந்து சால்ட் லேக்குக்கு ஒரு வரிசை, டாக்குரியாவுக்கு ஒரு வரிசை. இந்த முறை பௌதியின் வீட்டில், கட்டும்போது ஒரே மட்டமாகப் போட்ட அஸ்திவார விளிம்பில், நான்கு மூலைக்கும் புள்ளி வைத்தேன். பௌதி பின்னாலேயே வந்து ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்தார். முகத்தில் நம்பிக்கை வந்திருந்தது. பள்ளியில் தலைமையாசிரியையிடம்கூடச் சொல்லிவைத்திருந்தார், மாடிவீட்டுக்காரி மோட்டாரை நிறுத்தப்போகிறாள் என்று.

கணக்கு இந்த முறை நேராக நின்றது. அளந்த இடங்களிலேயே அதிகம் இறங்கியிருந்தது எங்கள் நிறுவனம். பௌதியின் வீடும் இறங்கியிருந்தது, குழிப் பக்கத்து மூலைகள் மற்ற இரண்டைவிட அதிகமாக. வீடு குழியை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது.

இயக்குநர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மலர்ந்த முகத்தோடு கூப்பிட்டனுப்பினார். யாரோ அவருக்கு விஷயத்தை விளக்கியிருந்தார்கள். மூழ்கும் கட்டிடத்துக்குப் பதில் புதுக் கட்டிடம் கேட்கலாம். மேலும், தன் சொந்த இறக்கத்தைத் தானே கண்டுபிடித்த நிறுவனம் வேறெங்கே உண்டு? திரும்பவும் கூட்டம், திரும்பவும் சிங்காரா. புதுக் கட்டிடத்துக்கு ஒப்புதல் வந்த வேகத்தை நான் அரசாங்கத்தில் அதற்குமுன் பார்த்ததில்லை. பாதுகாப்பு கருதி முகப்புப் பகுதியிலிருந்த எல்லோரையும் அந்த வாரமே வேறிடத்துக்கு மாற்றினார்கள். திருத்திய அறிக்கையில் நான் எழுதியதை ஒரு வரி குறைக்காமல் கையெழுத்துப் போட்டார். வீடு இறங்குகிறது, சாய்கிறது, காரணம் பக்கத்து மனையில் தண்ணீர் இறைப்பது, இறைப்பதை உடனே நிறுத்தவேண்டும். வார்டு அலுவலகத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று இரவு பௌதி எங்களுக்கு இலிஷ் மீன் சமைத்துப் போட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

வார்டு அலுவலகமும் வேகமாகத்தான் நடந்துகொண்டது. அடுத்த வாரமே ஆட்கள் வந்தார்கள். பௌதி மோட்டாரை நிறுத்த வந்திருக்கிறார்கள் என்று வாசலுக்குப் போனார். அவர்கள் கையில் ஒரு தகரப் பலகை இருந்தது. ஆபத்தான வீடு, எச்சரிக்கை என்று வங்காளத்தில் எழுதிய பலகை. இந்த ஊரில் இடியப்போகும் பழைய கட்டிடங்களில் எல்லாம் தொங்குமே, அது. பௌதியின் வாசல் தூணில் ஆணி அடித்து அதைத் தொங்கவிட்டார்கள்.

நான் வார்டு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் என் அறிக்கையை மேசைமேல் வைத்திருந்தார். முதல் பக்கம் மட்டும் கசங்கியிருந்தது.

"வீடு சாயுதுன்னு நீங்கதானே மேடம் எழுதியிருக்கீங்க?"

"மோட்டாராலதான் சாயுதுன்னும் எழுதியிருக்கேன். அதை நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கேன்."

"மோட்டார் வேற டிபார்ட்மெண்ட். அவங்களுக்கு ஒரு காப்பி அனுப்பறோம். ஆனா சாயிற வீட்டுல ஆளை எப்படி மேடம் வச்சிருக்கிறது? நாளைக்கு ஏதாவது ஆயிட்டா?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் அழுதேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவைக் குறைத்தார்.

மறு டிபார்ட்மெண்டுக்குப் பிரதி போய்ச் சேர்ந்து, அங்கிருந்து மோட்டாரை நிறுத்த ஆணை வந்தபோது, குழியில் கான்கிரீட் போட்டு முடித்திருந்தார்கள். மோட்டாருக்கு வேலையே இல்லை. ப்ரொமோட்டர் ஆணையை மரியாதையாகப் பெற்றுக்கொண்டு அன்றே கீழ்ப்படிந்தார்.

பலகை தொங்கும் வீட்டுக்குக் கடன் கிடைக்காது, வாங்க ஆள் வரமாட்டார்கள், குடியிருக்கவும் கூடாது. வாங்க ஒரே ஒருவர் இருந்தார். ஒரு ஞாயிறு காலை பௌதியின் கூடத்தில் பத்திரத்தை விரித்துவைத்து அவர் பொறுமையாகக் காத்திருந்தார். நாங்களும் காலிசெய்ய மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். பௌதி என்னைக் கீழே வரச்சொன்னார். சாட்சிக் கையெழுத்துக்கு என்று நினைத்தேன். அதற்கில்லை. பத்திரத்தைத் தொடாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"நீ அளந்தது சரிதானே?"

"சரிதான் பௌதி."

"ரெண்டாவது தடவை அளந்தது. அதுல சந்தேகம் ஒண்ணும் இல்லையே?"

அளவில் சந்தேகம் இருக்கிறதா என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல்ல முடியவேண்டுமே என்றுதான் கவலைப்பட்டிருக்கிறேன். அன்று முதல்முறையாக, இருக்கிறது என்று சொல்ல ஆசை வந்தது. எங்கேயாவது ஒரு கழித்தல் பிசகியிருக்கக்கூடாதா என்று மனசுக்குள் எல்லா எண்களையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

"இல்லை பௌதி," என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு, ப்ரொமோட்டரிடம் பேனாவுக்குக் கை நீட்டினார்.